அம்பு காட்டிய வீடு

டோஹா
2023.01.14

அன்புள்ள முனாப் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் பஸ்மினாவும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? ராத்தாவின் காலைத் தும்மல் நின்றுவிட்டதா?

ராத்தா கேட்டபடி போனைத் தொடாமல் பேனாவைத் தொட்டிருக்கிறேன். "ரெண்டு பேரும் போனில கதைச்சா அயல் முழுக்கக் கேக்கும். றஸ்னாட வீட்டு விசயம் இனி எழுத்தில மட்டும்தான்" என்று தம்பியான என்னிடம் சத்தியம் வாங்கியது போலவே கணவரான உங்களிடமும் வாங்கியிருப்பார். போன மாதம் நீங்கள், "மாடிக் கட்டடத்துக்குக் கோடு இழுக்கிறவனுக்கு மனிசன் இரிக்கிற வீடு என்னண்டு தெரியும்?" என்று கேட்டதையும், நான் பதிலுக்குக் கேட்டதையும் மறந்துவிடுவோம். நான் கேட்டதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுப் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் மகளும் என் ஒரே மருமகளுமான றஸ்னாவுக்கு ஒக்டோபரில் கலியாணம், மாப்பிள்ளை காலடி வைக்குமுன் பெண்ணுக்கு வீடு நிற்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம், எல்லாம் தெரியும். ஆனால் சும்மா ஒரு வீடு வேண்டாம் மச்சான். வருடம் முழுக்க மின்விசிறி இல்லாமலே இருக்கக்கூடிய வீடு வேண்டும்.

நம் ஊரில் சூரியன் ஐந்து மாதம் வடக்கே சாய்ந்து போகும், மீதி மாதங்களில் தெற்கே. உச்சியில் நின்றே போவதால் மூன்றடித் தாழ்வாரம் இருந்தால் வெயில் யன்னலுக்குள் எட்டிப் பார்க்காது. பொல்லாதது மேற்கு வெயில்தான். அது தலையைக் குனிந்துகொண்டு தாழ்வாரத்துக்குக் கீழால் நுழையும். கூடவே மேற்கிலிருந்து சுடச்சுடக் கச்சான் காற்றும் வரும். அதனால் ஹோலுக்கு வடக்கே ஐந்து பெரிய யன்னல்கள், கிழக்கே கடல் காற்றுக்கு வாசலும் விறாந்தையும், தெற்கே படுக்கையறைகள். மேற்கே யன்னலே இல்லை. அந்தப் பக்கம் சாமான் அறையும் கக்கூஸும் வெயிலை வாங்கிக்கொள்ளட்டும்.

பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் யோசித்ததைத்தான் வரைகிறேன். நானே யோசித்து, நானே வரைந்து, அடியில் என் பெயரைப் போட்ட முதல் படம் இது. இந்த வீடு சரியாக வந்தால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, இப்படியான வீடுகள் வரைந்து வாழலாம் என்று இருக்கிறேன். சரிவராவிட்டால் இங்கேயே கோடு இழுத்து முடிப்பேன். ராத்தாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், ஆசை வைத்துவிடுவார்.

போட்டோ எதுவும் அனுப்ப வேண்டாம். கலியாணத்துக்கு வரும்போது என் கண்ணால்தான் முதலில் பார்ப்பேன்.

வஸ்ஸலாம்.
அன்பு மச்சான், றுமைஸ்

*

கல்முனைக்குடி
2023.02.21

றுமைஸ் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கு அனைவரும் சுகம். முழங்கால் இருக்கிறது, நோவும் இருக்கிறது. தும்மலும் அப்படியே.

ராத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்று நீ எழுதியதை உன் ராத்தாதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். என் மூக்குக் கண்ணாடி உடைந்திருந்தது, நான் என்ன செய்ய? வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. வந்தவள், "இந்த வீட்ட மட்டும் பிசகாமக் கட்டிப் போடுங்க. என்ட தம்பி வந்திருவான்" என்றாள். ஆகவே இது இனி றஸ்னாவின் வீடு மட்டுமில்லை, தெரிந்துகொள்.

படத்தை ஹஸன் மேசனிடம் விரித்துக் காட்டினேன். மூலையில் ஓரிடத்தில் விரலை வைத்தார். பிறகு, "நாப்பது வருசமாக் கொத்துறன். இப்பிடி அல்லாஹ்வப் பயந்து வரஞ்ச படத்த நான் கண்டதில்ல. அரபு நாட்டுக்குப் போயும் உங்கட மச்சான் தீன மறக்கல்ல" என்றார். எதைப் பார்த்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. உன்னை ஒருவர் புகழ்வதே அபூர்வம், குறுக்கே விழக் கூடாது.

நேற்று லெப்பை ஓதி, பாற்சோறு கொடுத்து, அத்திவாரக் கல் வைத்தாயிற்று. நம் வளவு சதுரம், கிழக்கே றோட்டு, வடக்கே ஒழுங்கை. ஹஸன் மேசன் அவசரமில்லாமல் பள்ளிவாசல் சுவரைப் போய்ப் பார்த்து வந்து, நூல் பிடித்து, அளவு அடித்தார். அவ்வளவு கவனமான மனிதர்.

வஸ்ஸலாம்.
முனாப்

*

டோஹா
2023.03.18

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

ஸலாம். சுகம், சுகமறிய ஆவல். நோன்பு நெருங்குகிறது, வெயிலில் சீமெந்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். ஹஸன் மேசனுக்கு என் ஸலாம். நூல் பிடிக்கப் பள்ளிவாசல் சுவரை ஏன் பார்த்தார் என்று மட்டும் விளங்கவில்லை. அனுபவசாலி, ஏதோ காரணம் இருக்கும்.

வாசலைத் திறந்தால் கடல் காற்று நேரே வருமா என்று ஒரு நாள் நின்று பாருங்கள்.

அன்புடன், றுமைஸ்

*

கல்முனைக்குடி
2023.04.29

றுமைஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி போனது. நீ அனுப்பிய பேரீச்சம்பழம் கிடைத்தது, உன் ராத்தா அயலுக்குக் கொடுத்தது போக எனக்கு ஏழு கிடைத்தது.

சுவர் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். நீ ஒரு முஸ்லிமா? கக்கூஸில் கொமட்டை நாம் தொழுகிற திசைக்கு, நேரே கிப்லாவைப் பார்க்க வைத்து வரைந்திருக்கிறாயே, மருமகளின் வீடென்றாவது யோசித்தாயா? ஹஸன் மேசன் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று தரம் அஸ்தஃபிருல்லாஹ் சொன்னார். "தீன மறக்கல்லண்டு சொன்னன். நான் சொன்னத வாபஸ் வாங்கிறன்" என்றார். நல்ல காலம், பைப் போடுமுன் கண்டுவிட்டோம். அவரே கொமட்டைத் திருப்பிவிட்டார். இதை வெளியில் சொல்லாதே, நாங்களும் சொல்லவில்லை.

கடல் காற்றைப் பற்றிக் கேட்டிருந்தாய். வாசலில் இன்னும் கதவு இல்லை, காற்று எல்லாப் பக்கத்தாலும் வருகிறது.

கோபத்துடனும் துஆவுடனும்,
முனாப்

*

டோஹா
2023.06.04

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். சில கிழமையாக உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் கொஞ்சம் சரியில்லை. இப்போது பரவாயில்லை.

கொமட் விடயத்தில் பிழை முழுக்க என்னுடையது. ஹஸன் மேசனிடம் மாப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

வேறு சில சின்ன மாற்றங்கள். ஹோலின் பெரிய யன்னல்கள் இருக்கும் பக்கம் கூரையை இன்னும் நாலடி வெளியே இழுக்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் வீட்டு நீளத்துக்கு ஒரு பந்தல் போட்டுப் பாகல் விதையும் கொடித்தோடையும் நட வேண்டும். பாகல் முந்திப் படரும், கொடித்தோடை நின்று காக்கும். ஐந்து யன்னலுக்கும் வெளியே சாய்வுப் பலகைகள் பூட்டுங்கள், கீழ்ப்பக்கம் சாய்வாக. வேலி ஓரம் இரண்டு வேப்பங்கன்றுகள். எல்லாம் இந்த மாதமே செய்ய வேண்டும். ஏனென்று கேட்காதீர்கள், டோஹாவில் இப்போது இதுதான் நாகரிகம்.

இந்தக் கடிதம் கொண்டுவருபவரிடம் வெப்பமானி இரண்டு கொடுத்திருக்கிறேன். ஒன்றை வெளியே நிழலிலும், மற்றதை ஹோலிலும் தொங்கவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்குப் பார்த்து எழுதுங்கள்.

நீங்கள் வெயிலில் அலைய வேண்டாம். உங்கள் சுகம்தான் எனக்கு முக்கியம்.

றுமைஸ்

*

கல்முனைக்குடி
2023.07.20

பேரன்புள்ள என் றுமைஸ் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். நீயும் பஸ்மினாவும் நீடூழி வாழ துஆக் கேட்கிறேன். முழங்கால் மிக நல்ல நிலையில் இருக்கிறது.

வீடு மிக நல்ல நிலையில் இருக்கிறது. நீ சொன்ன பந்தல், பலகை, வேம்பு எல்லாம் ஆயிற்று. படத்தில் நீ குறித்தபடி கூரையில் சோலர் தகடு பூட்டக் காரைதீவிலிருந்து மதுஷன் என்றொரு பொடியன் வந்தான். கூரையில் ஏறினான். போனைப் பார்த்தான். பூட்டினான். இறங்கினான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

வெப்பமானி பார்த்தேன். வெளியே முப்பத்தைந்து, ஹோலில் இருபத்தாறு. அல்ஹம்துலில்லாஹ்.

மாப்பிள்ளை றிஸ்கானின் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். காலை எட்டு மணிக்கே வரச் சொன்னேன். காலையில்தான் பரக்கத். பிற்பகலும் ஒருதரம் வந்து பார்ப்போமே என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டா. பிற்பகலில் எனக்குக் கடை இருக்கிறது என்றேன்.

கலியாணத்துக்கு வரும்போது நீயும் காலையில் வந்து சேருகிற மாதிரிப் பயணத்தை எடுத்தால் நல்லது. பிற்பகலில் எங்கேயாவது ஒலுவில் துறைமுகப் பக்கம் போய் வரலாம்.

உன் மேல் என்றும் குறையாத அன்புடன்,
முனாப் மச்சான்

*

கல்முனைக்குடி
2023.07.24

அன்பின் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியும் நீங்களும் சுகமா? வாப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போனில் சொன்னால் உம்மாவிடம் போட்ட சத்தியம் முறியும் என்பதால் நானும் எழுத்திலேயே வருகிறேன்.

வாப்பா உங்களுக்கு அன்பாக எழுதினார் என்று உம்மா சொன்னதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது.

மாமா, வீடு திரும்பி நிற்கிறது. சோலர்காரர் மதுஷன் கூரையில் ஏறிப் போனில் திசைகாட்டியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், தெற்குக் கூரையில பூட்டச் சொல்லி எழுதியிருக்கு. இது கிழக்கையல்லோ பாத்து நிக்குது?" என்று கேட்டார். வாப்பா படத்தைக் கொண்டுவந்து விரித்தார். மூலையில் நீங்கள் வடக்குக்குப் போட்ட அம்புக்குறியை ஹஸன் மேசன் மேற்கே இருக்கிற கிப்லா என்று எடுத்திருக்கிறார்! வாசல் றோட்டை விட்டு ஒழுங்கைப் பக்கம் வந்ததையும், மேசன் படத்தைப் பார்த்துத்தானே கட்டுகிறார் என்று வாப்பா விட்டுவிட்டாராம். வாப்பா போய்ச் சத்தம் போட்டாராம். ஹஸன் மேசன் அசையவே இல்லை. "வடக்கா? வடக்க எதுக்கு அம்பு போட்டுக் காட்டுற? வடக்கப் பாத்து யாரு தொழுற?" என்று கேட்டாராம். வாப்பா படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது உங்கள் வடக்கு யன்னல் ஐந்தும் மேற்கைப் பார்க்கின்றன. கச்சான் வீசுகிற நேரம் ஹோலில் இருப்பது அடுப்படியில் இருப்பது மாதிரி. மதுஷன், சோலருக்குப் பெரிய நட்டம் வராது என்று வாப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த இருபத்தாறையும் நம்ப வேண்டாம். ஹோல் வெப்பமானியைத் தண்ணீர்க் குடத்துக்குள் இறக்கிவிட்டுத்தான் வாப்பா எழுதினார். நான் கண்டேன். கண்டதை அவரும் கண்டார்.

அவரைத் திட்டாதீர்கள். "அவன் வரஞ்ச முதல் வீடு, நான் குட்டிச்சுவராக்கிப் போட்டன். தெரிஞ்சா அவன் இனி ஊருக்கே வரமாட்டான்" என்று உம்மாவிடம் சொல்லி அழுதார். வாப்பா அழுது நான் பார்த்ததில்லை.

உங்கள் மருமகள்,
றஸ்னா

*

டோஹா
2023.08.12

என் அருமை மருமகள் றஸ்னாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இதை வாசித்ததும் ஒளித்து வை.

வாப்பாவின் ஏப்ரல் கடிதம் கிடைத்தபோதே எனக்குத் தெரியும் மகள். கொமட் கிப்லாவைப் பார்க்கிறது என்று வாப்பா எழுதினார். நான் அதை வடக்குப் பார்த்தல்லவா வரைந்தேன்? கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் விளங்கிவிட்டது. அப்போது சுவர் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் உன் வாப்பா அடுத்த நாளே வீட்டை இடித்திருப்பார், ஹஸன் மேசனையும் சேர்த்து. உன் கலியாணமும் தள்ளிப் போயிருக்கும். அதனால்தான் பந்தலையும் பலகையையும் நாகரிகம் என்று எழுதினேன். டோஹாவில் யார் பாகல் பந்தல் போடுகிறார்கள்?

இதில் ஹஸன் மேசனில் குற்றமில்லை. அலுவலகத் தாளில் அம்பும் அதன் எழுத்தும் அச்சிலேயே இருக்கும். இது என் சொந்தத் தாள். ஆசை ஆசையாக வாலெல்லாம் வைத்து அம்பு வரைந்தேன், பக்கத்தில் வடக்கு என்று எழுத மறந்தேன். பத்தொன்பது வருட அனுபவம்! நம் ஊரில் எழுத்தில்லாத அம்பு வேறு எதைக் காட்டும்?

ஒரு சொல் எழுதத் தெரியாதவன் ஊருக்கு வந்து வீடு வரைகிறேன் என்று பலகை மாட்டக் கூடாது. அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். உன் வீட்டைக் கெடுத்துவிட்டேனே என்பதுதான் தாங்க முடியவில்லை. எனக்குத் தெரியும் என்பது வாப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நான் வந்து, நல்ல வீடு என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

உன் மாமா

*

கல்முனைக்குடி
2023.11.10

றுமைஸ் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு மழை தொடங்கிவிட்டது. சுகத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், முதலில் உன்னைத் திட்ட வேண்டும்.

கலியாணத்துக்கு வந்து பதினொரு நாள் இருந்தாய். நாம் இருவரும் தினம் தினம் வீட்டைச் சுற்றி நடந்தோம். நீ சுவரைத் தட்டி "நல்ல சுவர்" என்றாய். நான் "ஓம்" என்றேன். நீ யன்னலைப் பார்த்து "நல்ல வெளிச்சம்" என்றாய். நான் "ஓம்" என்றேன். பிற்பகல் மூன்று மணியானால் உன்னை ஒலுவிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன், நீயும் வாய் திறக்காமல் வந்தாய். அந்தத் துறைமுகத்தை மனிதன் எத்தனை நாளைக்குப் பார்ப்பது? நீ விமானம் ஏறின அன்று றஸ்னா, "ரெண்டு பேருட ரகசியத்தையும் காக்க எனக்கு ஏலா வாப்பா. எனக்கு இப்ப மாப்பிள்ளையும் இரிக்கார்" என்று சொல்லி உன் கடிதத்தை என் முன்னால் போட்டாள்.

வாசித்துவிட்டுச் சிரித்தேன், முழங்கால் நோகும்வரை சிரித்தேன். பிறகு அழுகை வந்தது, மறைக்கவில்லை. குடத்துக்குள் வெப்பமானியை இறக்கினவன் நான், பாகல் பந்தலை நாகரிகமாக்கினவன் நீ. நல்ல சோடி.

இனி உண்மை. ஜூலையில் பந்தல் வெறுங்கம்பாக நின்றபோது வெளியே முப்பத்தைந்து, ஹோலிலும் முப்பத்தைந்து. அதன் பிறகு தினமும் மூன்று மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தேன், ஒழுங்காக, குடமில்லாமல். செப்டம்பரில் பாகல் பந்தலை மூடிவிட்டது. வெளியே முப்பத்து நாலு, ஹோலில் முப்பது. இதற்கு றஸ்னா சாட்சி. பாகற்காய் தின்று தின்று அயலில் சீனி வருத்தக்காரர்கள் எல்லோரும் எனக்கு துஆச் செய்கிறார்கள். காலையில் மாப்பிள்ளையும் மகளும் கடல் பக்க அறையில் இளவெயிலில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். அந்த அறையை விட்டு வேறெங்கும் போகமாட்டேன் என்று றஸ்னா சொல்கிறாள். திரும்பி நின்றும் வாழ வைக்கிற வீடு, மச்சான். திரும்பாமல் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

இன்னொன்று. கலியாணத்துக்கு வந்த அப்துல் கபூர் ஹாஜியார் ஹோலில் தொழுதார். கிப்லா எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவே தேவையில்லை, சுவருக்கு நேரே நின்றார். "நம்மட ஊரில சுவரே கிப்லாவுக்கு நேரா நிக்கிற வீடு இது ஒண்டுதான். என்ட மூணாவது மகளுக்கும் இவர்தான் வரையணும்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் படம் கேட்டிருக்கிறார்கள். ஹஸன் மேசன் ஊரெல்லாம் போய், "படத்த வாசிக்கத் தெரிஞ்ச மேசன் நான்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஆகையால் உன்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்துவிட்டேன். பெயர்ப் பலகை ஒன்று எழுதி றோட்டு முனையில் நட்டாயிற்று. "றுமைஸ், வீட்டுப் படம் வரைபவர்" என்று பச்சை எழுத்து. கீழே உன் அலுவலகம் வரப்போகும் பக்கத்துக்கு ஓர் அம்பு போட வேண்டும், எந்தப் பக்கம் என்று பெயின்டர் கேட்டான். நான் உன் ராத்தாவைப் பார்த்தேன். அவள் ஹஸன் மேசனைப் பார்த்தாள். ஹஸன் மேசன் வானத்தைப் பார்த்தார். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். வந்து நீயே போடு.

வஸ்ஸலாம்.
முனாப்

*

டோஹா
2023.12.02

என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. எனக்கும் பஸ்மினாவுக்கும் சுகம். இவ்வளவு சுகமாக நாங்கள் இருந்து கன காலம்.

ஹாஜியாரின் வீட்டுப் படத்தை அனுப்புகிறேன். மூலையில் இரண்டு அம்பு. ஒன்றுக்குப் பக்கத்தில் வடக்கு என்றும் மற்றதுக்குப் பக்கத்தில் கிப்லா என்றும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஹஸன் மேசனிடம் கொடுக்குமுன் இரண்டையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஜனவரி கடைசியில் வருகிறோம், பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சேருகிற மாதிரித்தான் பயணம் எடுத்திருக்கிறேன். என்னை ஒலுவிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். ஹோலில் ஒரு பாயை விரித்து வையுங்கள்.

அதுவரை அந்தப் பலகைக்குக் கிட்டே ஹஸன் மேசனை விட வேண்டாம்.

உங்கள் றுமைஸ்